திருகோணமலையிலிருந்து ஒரு மக்கள் இணையத்தளம் தொடங்க: பத்திரம், பணம், பொறுப்பு

உப்புவெளியில் எந்த விடுதியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, நிலாவெளியில் யாருடைய படகில் பிள்ளைகளை நம்பி ஏற்றலாம், உவர்மலைப் பக்கம் உயர்தரக் கணிதத்துக்கு நல்ல ஆசிரியர் யார், கிண்ணியாவில் விற்பனைக்கு நிற்கும் மோட்டார் சைக்கிள் எது. இதையெல்லாம் ஊர்ச் சனமே பதிந்து, ஊர்ச் சனமே மதிப்பிட்டு, ஊர்ச் சனமே பயன்படுத்தும் ஒரு சேவையை இங்கிருந்தபடி தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யூடியூப், டிரிப்அட்வைசர், எயார்பிஎன்பி, நம் நாட்டு இக்மன் எல்லாம் இந்த வகைதான். உள்ளே இருக்கும் சரக்கு முழுக்கப் பயனர்களுடையது. நடத்துகிறவர் மேடையைக் கொடுக்கிறார்.

மேடைதானே, கடை திறப்பதைவிட இலேசு என்று பலர் இறங்குகிறார்கள். கடைக்குத் தேவையான பத்திரங்கள் அத்தனையும் இதற்கும் வேண்டும். அதற்கு மேல் இரண்டு சுமை சேருகிறது: மற்றவரின் பணம் உங்கள் கையைக் கடந்து போகிறது, மற்றவர் எழுதியதற்கு உங்களிடம் கேள்வி வருகிறது. இந்த இரண்டையும் முன்கூட்டிச் சொல்ல எனக்கு யாரும் இருக்கவில்லை. அலைந்து தெரிந்துகொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒரு பத்திரம் கையில் இல்லாவிட்டால் அடுத்த கதவு திறக்காது.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

கிழக்குக் கரையில் சுற்றுலாப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். கடல் கொந்தளிப்பு, விடுதிகள் காலி, படகுகள் கரையில். உங்கள் சேவை தங்குமிடம், படகு, ஓட்டோ, சாப்பாடு என்று பயணிகளை நம்பியது என்றால், பதிவு வேலைகளை நவம்பரில் தொடங்குங்கள். அப்போதுதான் விடுதிக்காரருக்கும் படகுக்காரருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். ஜூலையில் போனால் வாசலில் நிற்க வைத்தே அனுப்பிவிடுவார்கள். அது அவர்கள் பிழையல்ல.

வங்கி, பணம் செலுத்தும் வசதி, செயலி அனுமதி எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு ஐந்து மாதம் ஒதுக்குங்கள். பெப்ரவரி, மார்ச்சில் வானம் தெளிந்ததும் படங்கள் எடுக்கலாம். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கு முன் தளம் திறந்திருக்க வேண்டும். அந்த விடுமுறையில் உள்நாட்டுப் பயணிகள் வருவார்கள், சேவையைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

2. ஒரு வீதி, ஒரு சேவை, ஒரு வட்ஸ்அப் குழு

தளம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். முழு மாவட்டத்துக்கும் எல்லாச் சேவையும் என்று ஆரம்பித்தால் எல்லாப் பக்கமும் வெறுமையாக இருக்கும். வெறும் பக்கத்தைப் பார்த்தவர் திரும்பி வரமாட்டார். உப்புவெளி விடுதிகள் மட்டும், அல்லது நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2009 இல் எயார்பிஎன்பிக்கு நியூயோர்க்கில் முன்பதிவு ஏறவே இல்லை. அதைத் தொடங்கியவர்கள் அங்கே நேரில் போய், நல்ல கமராவை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாக ஏறி அறைகளைப் படம் பிடித்துத் தளத்தில் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் வருமானம் உயர்ந்தது. பயனர்களே நடத்தும் சேவை என்றாலும் முதல் சரக்கை நடத்துகிறவர்தான் சுமந்து வர வேண்டியிருக்கிறது. இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த யாக்கொப் நீல்சன் 2006 இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது ஏதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார். இது தோராயமான விதிதான். ஆனாலும் நம் ஊரிலும் ஏறத்தாழ அப்படியே நடக்கிறது. ஆகவே ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று மகிழ்வதைவிட, தொடர்ந்து எழுதும் அந்தப் பத்துப் பேர் யார் என்று கண்டுபிடித்து அவர்களோடு பேசுங்கள்.

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசம். அதில் ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். நீங்கள் கேட்காமலே யாராவது அறை காலி என்று போடுகிறாரா, யாராவது விசாரிக்கிறாரா? அது நடக்கும்வரை தளத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

உப்புவெளியில் விடுதி நடத்தும் ஓர் அக்கா தன் முன்பதிவுகளை ஒரு சீ.ஆர் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். இடப்பக்கம் திகதி, நடுவில் பெயரும் போன் இலக்கமும், வலப்பக்கம் சிவப்புப் பேனாவில் "முற்பணம் தந்தது" அல்லது "இல்லை". எங்கள் பதிவுப் படிவத்தை அந்த மூன்று நிரல்களைப் பார்த்தே அமைத்தோம். அவர் அதை ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டார். உங்கள் ஆட்கள் ஏற்கனவே எப்படி எழுதுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். படகுக்காரர் ஒருவர் சொன்னார்: "தம்பி, காசு போனுக்கு வந்தாச் சரி, அந்தப் படிவத்தை நீங்களே நிரப்புங்கோ." முதல் ஆண்டில் பாதிப் படிவங்களை நீங்களேதான் நிரப்புவீர்கள். அதற்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

3. பெயரை மூன்று இடத்தில் ஒரே நாளில் பாருங்கள்

வியாபாரப் பெயர், டொமைன் என்ற இணைய முகவரி, பேஸ்புக் பக்கப் பெயர். மூன்றும் கிடைக்கிறதா என்று ஒரே நாளில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அரசாங்கத்தோடு தொடர்பு இருப்பதுபோலத் தோன்றும் சொற்களைத் தவிருங்கள், பதிவில் இழுபடும்.

எல்.கே டொமைனை எல்.கே டொமைன் பதிவகத்தில் வாங்கலாம். தமிழிலேயே .இலங்கை என்று முடியும் முகவரியும் அங்கே உண்டு. வெளிநாட்டுப் பயணிகளும் வருவார்கள் என்றால் .கொம் முகவரியையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. விலையைப் பார்க்கும்போது முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். பல விற்பனையாளர்கள் முதல் ஆண்டுக்கு மலிவாகத் தந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் ஏற்றிவிடுவார்கள்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. தளம் செய்து தருகிறவர் "நானே டொமைன் எடுத்துத் தாறேன்" என்பார். எடுக்கட்டும், ஆனால் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் இலக்கத்தில் பதிவாக வேண்டும். அவர் பெயரில் இருந்தால் பதிவகத்தின் கணக்கில் முகவரி அவருடையது. நாளைக்கு அவர் வெளிநாடு போய்விட்டால் உங்கள் பயனர்கள் எல்லோரும் சேர்த்த சொத்து அவர் கணக்குக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கும்.

4. வியாபாரப் பதிவு

தனியாகவோ பங்காளரோடோ தொடங்குகிறவர்கள் வியாபாரம் நடக்கும் இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். நகரத்துக்குள் இருந்தால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். நிலாவெளிப் பக்கம் குச்சவெளி, மற்றப்படி கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று அந்தந்தச் செயலகம். வீட்டிலிருந்து செய்தாலும் வீட்டு முகவரியில் பதியலாம். கொண்டுபோக வேண்டியவை:

- நிரப்பிய விண்ணப்பம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு
- தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும். பங்காளர் இருந்தால் அவர்களுடையதும்
- இடம் உங்களுடையது என்றால் காணி உறுதியின் பிரதி. வாடகை என்றால் ஒப்பந்தம். பெற்றோர் வீடு என்றால் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம்
- சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டு
- மின்கட்டணப் பட்டியல், முகவரிக்குச் சான்றாக

கிராம உத்தியோகத்தர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். செயலகத்துக்குப் பொதுமக்கள் தினத்தில் போங்கள். வேறு நாளில் போனால் கையெழுத்து வைக்க வேண்டியவர் வெளிக்கள வேலையில் இருக்கக்கூடும். பதிவுக் கட்டணம் பெரிய தொகையல்ல. செலவு ஓடுவது பிரதி எடுக்கவும் போய்வரவும்தான். மூதூர், சம்பூர்ப் பக்கம் இருந்து வருகிறவர்கள் எல்லாப் பத்திரத்திலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டே புறப்படுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டல். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி என்று நம்மில் பலருக்கு இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் அடையாள அட்டையில் உள்ளபடியே, முதலெழுத்து வரிசையும் மாறாமல், எழுதச் சொல்லுங்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் மேசையை விட்டு நகரும் முன் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ஓர் எழுத்து மாறினால் வங்கியில் சத்தியக்கடதாசி கேட்பார்கள், சமாதான நீதவானைத் தேடிப் போக வேண்டும்.

இரண்டாவது, "வியாபாரத்தின் தன்மை" என்ற கட்டம். கணினி வேலை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். "இணையவழி விளம்பரம், முன்பதிவு மற்றும் தகவல் சேவை" என்று நீங்கள் செய்யப்போவது முழுவதும் அடங்குகிற மாதிரி எழுதுங்கள். பிறகு வங்கி அட்டை மூலம் பணம் வாங்கும் வசதிக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் தளம் செய்வதும் சான்றிதழ் சொல்வதும் ஒன்றா என்று பார்ப்பார்கள்.

கம்பனியாகப் பதிய வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு: தொடக்கத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் இணையவழியாகவே பதியலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பணிப்பாளரின் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளரின் சம்மதத்துக்குப் படிவம் 19 என்று அதுவும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பனிக்குச் செயலாளர் வேண்டும், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், கணக்காய்வு வேண்டும். வருமானம் ஒரு சதமும் வராத ஆண்டிலும் இந்தச் செலவு நிற்காது. வெளியார் யாராவது முதல் போட வரும்போது கம்பனியாக்கிக்கொள்ளலாம். நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து தொடங்கினால் மட்டும், யார் எவ்வளவு போட்டார், விலகினால் என்ன கிடைக்கும், தளத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள்.

5. டின் இலக்கம்

டின் என்பது வரி செலுத்துவோருக்கான அடையாள இலக்கம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தளத்தில் இணையவழியாகவே பதியலாம், இலவசம். வங்கிக்குப் போகும் முன் எடுத்து வையுங்கள். டின் எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி நிவாரணம் உண்டு. வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது, அதற்கான அறிக்கை நவம்பர் 30 க்குள் போக வேண்டும். வேலையிலும் இருந்துகொண்டு இதையும் நடத்துகிறவர்கள் இரண்டு வருமானத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

6. வங்கிக் கணக்கு

சொந்தச் சேமிப்புக் கணக்கில் முன்பதிவுப் பணம் வாங்கத் தொடங்காதீர்கள். வியாபாரப் பெயரில் தனிக் கணக்கு எடுங்கள். பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதி, அடையாள அட்டை, முகவரிச் சான்று, டின் இலக்கம் கேட்பார்கள். ஆரம்ப வைப்புத் தொகை வங்கிக்கு வங்கி மாறும், இரண்டு மூன்று கிளைகளில் விசாரியுங்கள்.

நான் போன ஒரு கிளையில், இணையத்தளம் என்றதும் "பொருள் எங்கே இருக்கிறது, களஞ்சியம் எங்கே" என்ற கேள்வியிலேயே நாட்கள் போயின. அதைத் தவிர்க்க ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: பணம் யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, அதில் உங்கள் பங்கு எவ்வளவு, மாதத்துக்கு ஏறத்தாழ எவ்வளவு கணக்கில் ஓடும். அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்துக்கொண்டதும் கேள்விகள் குறைந்துவிட்டன.

7. பணம் வாங்கும் வழி

அவசரப்பட்டால் அதிகம் இழக்கும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம்.

உள்ளூர்ப் பயனரிடம் வாங்க வங்கி மாற்றலும் லங்கா கியூ.ஆரும் போதும். லங்கா கியூ.ஆர் மத்திய வங்கி வகுத்த பொதுத் தரம் என்பதால் அதில் சேர்ந்த எந்த வங்கியின் செயலியிலிருந்தும் ஒரே சதுரத்தை ஸ்கேன் செய்து கட்டலாம். அட்டையில் வாங்க வேண்டும் என்றால் பேஹியர் போன்ற உள்நாட்டுச் சேவைகள் உண்டு. அவர்கள் பிடிக்கும் கழிவு பொதுவாக மூன்று சதவீதத்தை அண்டி இருக்கும், நீங்கள் எடுக்கும் திட்டத்தைப் பொறுத்து மாறும்.

அந்த மூன்று சதவீதம் எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். ஓர் அறை 8,000 ரூபா. உங்கள் கொமிஷன் பத்து சதவீதம், அதாவது 800. பயணி 8,000 ரூபாவையும் உங்கள் தளத்தில் கட்டினால், மூன்று சதவீதம் முழுத் தொகையிலிருந்தும் போகும்: 240 ரூபா. உங்கள் கையில் மிஞ்சுவது 560. கொமிஷனில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. அறையை இரத்துச் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டால், அல்லது பயணி தன் வங்கியில் முறையிட்டால், அந்த 8,000 க்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விடுதிக்காரருக்கு ஏற்கனவே கொடுத்திருப்பீர்கள். போதாததற்கு, உங்கள் வங்கிக் கூற்றில் முழுத் தொகையும் உங்கள் வருமானம்போலத் தெரியும்.

ஆகவே முதல் பருவத்தில் முழுப் பணத்தையும் வாங்காதீர்கள். உங்கள் பங்கை மட்டும் முற்பணமாகத் தளத்தில் வாங்குங்கள், மிச்சத்தைப் பயணி நேரில் விடுதியில் கொடுக்கட்டும். இல்லையென்றால் விடுதிக்காரரிடமிருந்து மாதச் சந்தாவாக வாங்குங்கள். பயனர்கள் பணத்தைப் போட்டு வைத்துப் பிறகு செலவழிக்கிற மாதிரி ஒரு பணப்பை வசதி செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கு மத்திய வங்கியின் உரிமம் வேண்டும்.

பேபாலை நம்பித் திட்டம் போட வேண்டாம். இலங்கைக் கணக்குகளுக்குப் பேபாலில் பணம் பெறும் வசதி நெடுங்காலம் இருக்கவில்லை. இன்றைய நிலையை அதன் தளத்திலேயே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரவல் பெயரில், வெளிநாட்டு உறவினரின் முகவரியில் கணக்குத் திறந்து நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு முடக்கப்பட்டால் உள்ளே இருக்கும் பணத்தைக் கேட்க உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது.

அட்டை வசதிக்கு விண்ணப்பிக்கும் முன் தளத்தில் நான்கு பக்கங்கள் இருக்க வேண்டும்: நிபந்தனைகள், தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பும் கொள்கை, முகவரியும் தொலைபேசியும் உள்ள தொடர்புப் பக்கம். இவை இல்லாமல் விண்ணப்பித்தால் திருப்பி அனுப்புவார்கள், வரிசையில் மறுபடி கடைசிக்குப் போவீர்கள்.

8. தளமும் செயலியும்

தொழில்நுட்பத்தை நீட்டி எழுதப்போவதில்லை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலிருந்து வெளிவரும் பிள்ளைகளில் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள். தமிழில் நடத்துகிறவர்கள் விழும் குழிகளை மட்டும் சொல்கிறேன்.

குறுஞ்செய்தி. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழில் அனுப்பினால் 70 தான், அதுவும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது" என்று தொடங்கி விடுதியின் பெயர், திகதி, நன்றி என்று எழுதினால் இரண்டு மூன்று செய்திக் காசு போகும். உள்நுழைவு இலக்கத்தை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பாமல் கூகுள் கணக்கு வழியாக உள்ளே விட்டால் அந்தச் செலவு மிஞ்சும்.

எழுத்துரு. நம் அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சுகிறார்கள். விடுதிக்காரர் தன் துண்டுப்பிரசுரத்தின் கோப்பை அனுப்புவார், ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, படிவத்திலேயே அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

தேடல். நிலாவெளி என்று தமிழில் தேடுகிறவரும், ஆங்கில எழுத்தில் விதவிதமான கூட்டலில் தேடுகிறவரும், சிங்களத்தில் தேடுகிறவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் எல்லாக் கூட்டலையும் ஒரு பட்டியலாக நீங்களே எழுதிக் கொடுங்கள். செய்கிறவருக்கு ஊர் தெரிந்திருக்காது.

செயலி உடனே தேவையில்லை. செய்வதென்றால் கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 டொலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டொலர். புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே கூகுள் பிளேயில் வெளியிட விண்ணப்பிக்கலாம். ஏப்ரலில் செயலி வேண்டும் என்றால் பெப்ரவரியிலேயே அந்தப் பன்னிரண்டு பேரைப் பிடித்து வையுங்கள். இரண்டு நிறுவனங்களும் பயனர் எழுதும் செயலிகளில் முறையிடும் பொத்தானும், ஆளைத் தடுக்கும் வசதியும் இருக்க வேண்டும் என்கின்றன. இல்லையென்றால் நிராகரிப்பார்கள்.

தளத்தின் முகவரி https என்று தொடங்கத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழுக்கு என்று யாராவது பணம் கேட்டால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது என்று சொல்லுங்கள்.

9. மற்றவர் எழுதுவதற்கு உங்கள் பொறுப்பு

மூவினத்தவரும் வாழும் ஊர் இது. ஓட்டோக்காரர் ஒருவர் கூடுதலாகக் காசு வாங்கினார் என்று தொடங்கும் ஒரு மதிப்புரை, நான்காவது பதிலில் அவர் எந்த ஆட்கள் என்று போய் நிற்கும். அந்த நான்காவது பதிலை உங்கள் தளத்தில் ஓர் இரவு கிடக்க விட்டால் விடியும்போது அது நூறு வட்ஸ்அப் குழுக்களில் உங்கள் தளத்தின் பெயரோடு சுற்றிக்கொண்டிருக்கும். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த ஊரில் இந்த வேலையைச் செய்கிறவர் முதலில் சுமக்க வேண்டிய பொறுப்பு இது என்று நம்புகிறேன்.

சட்டமும் இருக்கிறது. இணையத்தில் எழுதுவதற்கு 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். வெறுப்பைத் தூண்டும் பேச்சுக்கு 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம். படங்களை எடுத்துப் போடுவதற்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பயனரின் விவரங்களைச் சேர்ப்பதற்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். இவற்றைத் தமிழில் தரவிறக்கி வாசியுங்கள். ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்து உங்கள் நிபந்தனைப் பக்கத்தைக் காட்டுங்கள். தொடக்கச் செலவுகளில் இதைக் குறைக்காதீர்கள்.

நடைமுறையில் எங்களுக்கு உதவியவை இவை. முதல் பதிவு எதுவாக இருந்தாலும் ஒருவர் பார்த்த பிறகே வெளியே தெரியும். ஐந்து நல்ல பதிவு போட்டவருக்கு அந்தத் தடை நீங்கும். ஒவ்வொரு பதிவின் கீழும் முறையிடும் பொத்தான். முறைப்பாடு வந்தால் முதலில் மறைத்துவிட்டு, பிறகு விசாரிப்பது. நீக்கியதை உடனே அழிக்காமல், யார் எப்போது எழுதியது என்ற விவரத்தோடு தனியே வைத்திருப்பது. தமிழ், சிங்களம் இரண்டும் வாசிக்கக்கூடிய ஒருவர் தினமும் இரவு பத்து மணிக்கு முன் ஒரு தடவை எல்லாவற்றையும் பார்ப்பது. சிங்களத்தில் எழுதியது விளங்கவில்லை என்று விட்டுவைப்பது ஆபத்து. ஊரில் பதற்றமான நாட்களில் புதிய பதிவுகளை முழுவதும் நிறுத்தி வையுங்கள், வருமானம் போனால் போகட்டும்.

2018 மார்ச், 2019 ஏப்ரல், 2019 மே, 2022 ஏப்ரல் என்று பல தடவை இந்த நாட்டில் பேஸ்புக், வட்ஸ்அப் உட்பட சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. உங்கள் சேவை முழுக்க ஒரு பேஸ்புக் பக்கத்தில் அல்லது வட்ஸ்அப் குழுவில் நின்றால் அன்றைக்கு உங்கள் ஆட்களைக் கூப்பிட வழி இருக்காது. எல்லோருடைய தொலைபேசி இலக்கங்களையும் தனியே ஒரு கோப்பில் வைத்திருங்கள், மாதம் ஒரு தடவை புதுப்பியுங்கள்.

பயணிகளின் அடையாள அட்டைப் பிரதியைக் கேட்காதீர்கள். கேட்டால் பாதுகாக்க வேண்டும். விடுதிக்காரரிடம் மட்டும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்திருந்தால் அந்தச் சான்றிதழின் பிரதியை வாங்கி வையுங்கள். படகுக்காரரிடம் படகின் பதிவையும் பாதுகாப்பு அங்கிகளையும் நேரில் பாருங்கள். அங்கி எத்தனை என்று எண்ணி, அதற்கு மேல் ஆள் ஏற்ற முடியாதபடி தளத்தில் எல்லை வையுங்கள். இந்த ஒன்றில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

10. மதிப்புரைகள்

சொந்தக்காரரைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லும் விடுதிக்காரர்கள் வருவார்கள். "போட்டிக்காரன் எனக்கு ஒரு நட்சத்திரம் போட்டிட்டான், எடுத்துவிடுங்கோ" என்றும் வருவார்கள். உங்கள் தளம் வழியாக முன்பதிவு செய்தவர் மட்டுமே மதிப்புரை எழுதலாம் என்று வைத்தால் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் தீரும். எண்ணிக்கை குறையும், பரவாயில்லை. விடுதிக்காரர் பதில் எழுதும் உரிமையை மட்டும் எப்போதும் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு கெட்ட மதிப்புரையை நீக்கும் வேலையை ஒரு தடவைகூடச் செய்யாதீர்கள், இது சின்ன ஊர், மறுநாளே தெரிந்துவிடும்.

11. விளம்பர வருமானம்

தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் அட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஓர் இலக்கம் தபாலில் வரும், 100 டொலர் சேர்ந்த பிறகுதான் பணம் வரும். தபால் வந்துசேர வாரக்கணக்கு ஆகலாம். வீட்டு இலக்கம் சரியாக இல்லாத ஒழுங்கைகளில் இருப்பவர்கள் தபால்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். ஆனால் மாவட்ட அளவிலான ஒரு தளத்துக்கு இந்த வருமானத்தை நம்பிச் சேர்வர் செலவைத் தீர்மானிக்க வேண்டாம். உள்ளூர்ப் பேக்கரியும் டைவிங் பள்ளியும் நேரடியாகத் தரும் மாத விளம்பரம் அதைவிட நிச்சயமானது.

12. பருவம் முடிந்ததும்

ஒக்டோபரில் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள். அறை வாடகை மாறியதா, படகு விற்றாயிற்றா, இலக்கம் அதேதானா என்று கேளுங்கள். தரவு முழுவதையும் ஒரு பிரதி எடுத்து, தளம் செய்தவரிடம் அல்லாமல் உங்களிடம் ஒரு டிரைவில் வையுங்கள். டொமைன் புதுப்பிக்கும் திகதியைச் சுவர் நாட்காட்டியில் எழுதுங்கள். பல பேருக்கு அது மழைக்காலத்தில்தான் வருகிறது, கவனிக்காமல் விட்டால் முகவரி கைவிட்டுப் போகும்.

அழைத்தும் எடுக்காதவரின் பக்கத்தை மறைத்து வையுங்கள், அழித்துவிடாதீர்கள். மார்ச் மாதம் படகைப் பழுதுபார்த்து முடித்ததும் அவரே தேடி வருவார். அப்போது பழைய மதிப்புரைகள் அத்தனையும் அவர் பெயரோடு திரும்பி வர வேண்டும்.